அறிகுறிகளின் வலை: மனநல ஆய்வில் வலைப்பின்னல் பகுப்பாய்வு

அமெரிக்காவில் நடந்த ‘ஸ்டார்-டி’ என்ற பெரிய சிகிச்சை ஆய்வில் சேர்ந்த 3,703 மனச்சோர்வு நோயாளிகளின் விவரங்களை ஐக்கோ ஃபிரீடும் ரேண்டால்ஃப் நெஸ்ஸியும் எடுத்து, யாருக்கு எந்தெந்த அறிகுறிகள் இருந்தன என்று ஆள் ஆளாகப் பிரித்துப் பார்த்தார்கள். 2015இல் வெளிவந்த அந்தக் கணக்கு மனநல ஆய்வாளர்களை உலுக்கியது. நோயின் பெயர் அத்தனை பேருக்கும் ஒன்றுதான். அறிகுறிச் சேர்க்கைகளோ 1,030. அவற்றில் 501 சேர்க்கைகள் ஒவ்வொன்றும் ஒரே ஒருவரிடம் மட்டுமே காணப்பட்டன. மிக அதிகம் பேரிடம் இருந்த சேர்க்கைகூட 1.8 சதவீதத்தைத் தாண்டவில்லை.

இதில் முறைகேடு எதுவும் இல்லை. நோயறியும் விதியே இப்படித்தான் அமைந்திருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டின்படி, ஒன்பது அறிகுறிகளில் ஐந்து இரண்டு வாரம் நீடித்தால் மனச்சோர்வு நோய் என்று எழுதலாம். அந்த ஐந்தில் சோகமோ நாட்டமின்மையோ ஒன்று இருந்தாக வேண்டும். தூக்கம் கெட்டாலும் ஒரு மதிப்பெண், ஓயாமல் தூங்கினாலும் அதே மதிப்பெண். பசி அற்றுப்போனவரும் அளவுக்கு மீறிச் சாப்பிடுகிறவரும் ஒரே கட்டத்தில் விழுகிறார்கள். பிறகு எல்லாவற்றையும் கூட்டி ஒரு மொத்த எண் போடுகிறோம். அந்த எண் ஐந்து குறைந்தால் மருந்து வேலை செய்கிறது என்கிறோம். தற்கொலை எண்ணம் குறைந்ததா, பசி திரும்பியதா என்பது அந்த எண்ணுக்குள் மறைந்துவிடுகிறது.

கூட்டல் கணக்கு நியாயமாக வேண்டுமானால் ஒரு நிபந்தனை இருக்கிறது. அறிகுறிகள் எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரே மூலம் இருக்க வேண்டும். டெங்குவில் அப்படி ஒரு மூலம் உண்டு. காய்ச்சலும் கண்ணுக்குப் பின்னால் வலியும் தட்டணுக்கள் குறைவதும் ஒரே வைரஸின் வேலை. இரத்தத்தைப் பரிசோதித்தால் அந்த வைரஸைத் தனியாகவே பிடித்துவிடலாம். மனநல அளவையியல் ஒரு நூற்றாண்டாக இதே உருவத்தை மனதின் மீதும் வைத்துப் பார்த்துவந்தது. 1904இல் சார்ல்ஸ் ஸ்பியர்மன், பள்ளிப் பாடங்களில் மாணவர்கள் வாங்கும் மதிப்பெண்கள் சேர்ந்தே ஏறி இறங்குவதைக் கண்டு, அவற்றுக்கு அடியில் ‘பொது அறிவுத்திறன்’ என்ற ஒற்றைக் காரணி இருப்பதாகச் சொன்னார். அதிலிருந்து கிளைத்த காரணிப் பகுப்பாய்வுதான் இன்றைய வினாத்தாள்கள் பெரும்பாலானவற்றின் அடித்தளம். மனச்சோர்வு என்பது உள்ளே ஒளிந்திருக்கும் ஒரு மறைமாறி, அறிகுறிகள் அதன் வெளி அடையாளங்கள் என்பது அதன் கணக்கு. ஆனால் மனச்சோர்வுக்கு டெங்கு வைரஸ் போன்ற ஒன்றை இன்றுவரை எந்த ஆய்வகமும் தனியே எடுத்துக் காட்டியதில்லை.

இந்த இடத்தில்தான் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் டென்னி போர்ஸ்பூமும் அவருடைய குழுவினரும் வேறு வழியில் திரும்பினார்கள். அவர்களுடைய சக ஆசிரியர் ஹான் வான் டெர் மாஸ் 2006இல் ஸ்பியர்மனின் கணக்கையே தலைகீழாகப் பார்த்திருந்தார். சொல்வளம் வாசிப்பை வளர்க்கிறது, வாசிப்பு நினைவாற்றலை வளர்க்கிறது, நினைவாற்றல் திரும்பவும் சொல்வளத்தை வளர்க்கிறது. திறன்கள் ஒன்றுக்கொன்று கைகொடுப்பதாலேயே மதிப்பெண்கள் சேர்ந்து உயரலாம், அடியில் ஒற்றைக் காரணி இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்று கணித மாதிரியில் காட்டினார். போர்ஸ்பூம் அதே சிந்தனையை நோய்க்குக் கொண்டுவந்தார். 2010இல் அங்கெலிக் கிராமர் முதல் ஆசிரியராக வெளிவந்த கட்டுரை, மனச்சோர்வும் பதற்ற நோயும் ஏன் ஒரே ஆளிடம் சேர்ந்து வருகின்றன என்ற பழைய புதிருக்கு இந்த வழியில் விடை சொன்னது. தூக்கம் வராவிட்டால் களைப்பு. களைத்தால் வேலையில் மனம் நிற்காது. வேலை கெட்டால் தன்மீதே வெறுப்பு. அந்த வெறுப்போடு படுத்தால் மறுபடி தூக்கம் வராது. இந்தச் சுழற்சிதான் நோய். சுழற்சிக்குப் பின்னால் ‘மனச்சோர்வு’ என்று தனியாக ஒரு பொருள் இல்லை. தூக்கமின்மையும் களைப்பும் இரண்டு நோய்களின் பட்டியலிலும் இருக்கின்றன. ஒரு நோயிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் பாலம் அவை. 2017இல் ‘வேர்ல்டு சைக்கியாட்ரி’ இதழில் போர்ஸ்பூம் இதை ஒரு முழுக் கோட்பாடாகவே எழுதினார்.

ஒரு கருத்து இத்தனை வேகமாகப் பரவியதற்குக் கருத்து மட்டும் காரணமில்லை, கருவியும் காரணம். அந்தக் கருவியைச் சற்று அருகில் பார்க்க வேண்டும். இந்தத் துறையின் பலமும் பலவீனமும் அதற்குள்ளேதான் இருக்கின்றன.

வலையில் ஒவ்வொரு அறிகுறியும் ஒரு கணு. இரண்டு கணுக்களை எப்போது கோடு போட்டு இணைப்பது? இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கினால் இணைக்கலாம் என்றால், ஏறக்குறைய எல்லாமே எல்லாவற்றோடும் இணைந்துவிடும். அதனால் பகுதி ஒட்டுறவைப் பயன்படுத்துகிறார்கள். தூக்கமின்மைக்கும் களைப்புக்கும் இடையே ஒட்டுறவு 0.6, களைப்புக்கும் கவனக்குறைவுக்கும் 0.6, தூக்கமின்மைக்கும் கவனக்குறைவுக்கும் 0.36 என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது எண்ணைத் தனியே பார்த்தால் தூக்கமின்மை நேராகவே கவனத்தைக் குலைப்பதுபோல் தோன்றும். ஆனால் 0.6ஐ 0.6ஆல் பெருக்கினால் 0.36. அதாவது அந்த உறவு முழுவதும் களைப்பின் வழியாகவே வந்திருக்கிறது. களைப்பு ஒரே அளவாக இருப்பவர்களை மட்டும் ஒப்பிட்டால் மீதி பூச்சியம். எனவே இந்த இரண்டுக்கும் நடுவே கோடு கிடையாது. மூன்றாவது எண் 0.36க்குப் பதில் 0.5 ஆக இருந்திருந்தால் பகுதி ஒட்டுறவு சுமார் 0.22 வரும், மெல்லிய கோடு ஒன்று விழும். மற்ற எல்லா அறிகுறிகளையும் கணக்கில் கழித்த பிறகும் இரண்டுக்கிடையே எஞ்சி நிற்கும் உறவுதான் கோடு. படத்தில் தடித்த கோடு வலுவான உறவு, மெல்லிய கோடு நலிந்த உறவு.

கணிதம் புதிதல்ல. ஆர்தர் டெம்ப்ஸ்டர் 1972லேயே இதன் அடிப்படையை எழுதிவிட்டார். உண்டு, இல்லை என்று மட்டும் பதில் சொல்லும் வினாக்களுக்குப் பயன்படும் ஐசிங் மாதிரி, காந்தத் துகள்கள் ஒன்றையொன்று திருப்பும் விதத்தை விளக்க 1920களில் இயற்பியலில் பிறந்தது. சிக்கல் எண்ணிக்கையில் இருந்தது. 20 கேள்விகள் என்றால் 190 இணைப்புகள். சில நூறு பேரின் பதில்களிலிருந்து இத்தனையையும் மதிப்பிட்டால் தற்செயலாகவே பல கோடுகள் விழுந்துவிடும். ராபர்ட் திப்ஷிரானி 1996இல் தந்த ‘லாஸ்ஸோ’ முறை சிறிய மதிப்புகளைப் பூச்சியத்துக்கு இழுத்துத் தள்ளுகிறது. 2008இல் அது வலைகளுக்கும் நீட்டிக்கப்பட்டது. சாச்சா எப்ஸ்காம்ப் 2012இல் ‘கியூகிராஃப்’ என்ற தொகுப்பை ‘ஆர்’ என்னும் கட்டற்ற மென்பொருளில் எழுதி வெளியிட்டதும், மடிக்கணினி வைத்திருக்கும் எந்த ஆய்வு மாணவரும் ஒரு மாலைக்குள் வண்ணவண்ணமாய் வலை வரைய முடிந்தது. அதன்பின் கட்டுரைகள் நூற்றுக்கணக்கில் குவிந்தன. மனவடு நோய், உணவுக் கோளாறு, போதைப்பழக்கம், மனச்சிதைவு என்று வலை வரையப்படாத நோயே இல்லை என்ற நிலை வந்தது. கொரோனா ஆண்டுகளில் இந்தப் பெருக்கம் இன்னும் கூடியது. அந்தக் குவியலில் பெரும்பகுதி கையில் கிடைத்த ஒரு வினாத்தாளுக்கு ஒரு படம் வரைந்து, நடுவில் வந்த அறிகுறியைப் பெயரிட்டு முடித்துக்கொண்டவை. அவற்றை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டியதில்லை.

சொல்ல வேண்டியவை சில உண்டு. ஃபிரீடும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2015இல் வெளியிட்ட கைம்மை பற்றிய ஆய்வு அவற்றில் முதன்மையானது. வாழ்க்கைத் துணையை இழந்த முதியவர்கள் 241 பேரையும், துணையோடு வாழும் 274 பேரையும் ஒப்பிட்டார்கள். பழைய பார்வையில் சொன்னால், இழப்பு மனச்சோர்வை உண்டாக்குகிறது, மனச்சோர்வு எல்லா அறிகுறிகளையும் உண்டாக்குகிறது. வலையில் தெரிந்தது வேறு. இழப்பு பிரதானமாகத் தொட்டது தனிமை உணர்வை. சோகமும் மற்றவையும் தனிமையின் வழியாகவே இழப்போடு இணைந்திருந்தன. கணவனை இழந்த பாட்டியிடம் ஒரு வேளை உட்கார்ந்து பேசியவர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது. ஆனால் நான் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்ப்பது இன்னொன்றை. நோயறியும் கையேட்டின் ஒன்பது அறிகுறிகளில் தனிமை இல்லை. அந்த ஒன்பதை மட்டும் வைத்து இதே ஆய்வைச் செய்திருந்தால், இழப்பு நேராகச் சோகத்துக்குப் போவதாகவே வலை காட்டியிருக்கும். தனிமையைக் கேட்கும் வேறொரு வினாத்தாளைப் பயன்படுத்தியதால்தான் அது கண்ணில் பட்டது.

என் வாதமும் இதுவே. வலைப்பின்னல் ஆய்வின் தரத்தை முடிவுசெய்வது கணினி கோடு போடும் கட்டத்துக்கு வெகுமுன்னால், எதைக் கேட்பது என்று ஆய்வாளர் முடிவுசெய்யும் கட்டத்தில் நடக்கிறது. கேட்காதது வலையில் வராது. வராத அந்த ஒன்றின் வேலையை, வந்த ஏதோ ஒன்று செய்ததாக வலை காட்டும்.

இதை அழுத்தமாகக் காட்டும் ஆய்வு இலங்கையிலிருந்து வந்தது. போர் முடிந்த 2009 முதல் 2011 வரையான காலத்தில், அதிலிருந்து தப்பிப் பிழைத்த 337 பேரிடம் ஒரு வினாத்தாள் கொடுக்கப்பட்டது. வெளிநாட்டில் எழுதி உள்ளூர் மொழிக்குப் பெயர்த்த வழக்கமான மனவடு வினாத்தாள் அல்ல அது. ‘பென்–ரெசிஸ்ட்–பேராதனை போர்ப் பிரச்சினைகள் வினாத்தாள்’ என்று பெயர். அந்த மண்ணின் மக்களுக்கு என்ன நேர்ந்தது, எது அவர்களை வாட்டுகிறது என்பதை வைத்து உள்ளூரிலேயே உருவாக்கப்பட்டது. பட்ட அதிர்ச்சிகள், அன்றாட வாழ்வின் இடர்கள், மன உடல் அறிகுறிகள் மூன்றும் அதில் அடங்கியிருந்தன. நுவான் ஜெயவிக்ரமவும் சக ஆய்வாளர்களும் 2017இல் ‘சோஷியல் சயன்ஸ் அண்டு மெடிசின்’ இதழில் அதன் வலையை வெளியிட்டார்கள்.

வலையின் மையத்தில் குண்டுவீச்சோ சாவுகளோ நிற்கவில்லை. அறிகுறிகளும், அடிப்படைத் தேவைகள் கிடைக்காத பிரச்சினைகளும், சமூகப் பிரச்சினைகளும் நின்றன. ஒன்றின் தொடர்பை இன்னொன்றிலிருந்து கழித்துப் பார்த்தபோது சமூகப் பிரச்சினைகளே எல்லாவற்றையும்விட மையமாக வந்தன; அதிர்ச்சி நிகழ்வுகளையும் குடும்பப் பிரச்சினைகளையும்விடக் குறிப்பிடத்தக்க அளவு கூடுதலாக. போரின் கொடுமை சிறியது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. அதிர்ச்சி கடந்தகாலத்தில் நடந்து முடிந்த ஒன்று. அது விட்டுப்போன வறுமையும் அறுந்த உறவுகளும் ஒவ்வொரு நாள் காலையிலும் எதிரில் நிற்பவை. முன்னதை யாராலும் மாற்ற முடியாது, பின்னதில் கைவைக்க முடியும். மனவடுச் சிகிச்சைக்கென்று வரும் நிதியை எங்கே செலவிடுவது என்று முடிவெடுப்பவர்கள் படிக்க வேண்டிய ஆய்வு இது.

இந்த ஆய்வுக்கும் எல்லைகள் உண்டு. 337 பேர் இவ்வளவு கணுக்களுக்குப் போதாது. எல்லோரையும் ஒரே ஒரு முறைதான் கேட்டார்கள். எது முந்தியது, எது பிந்தியது என்று அதிலிருந்து சொல்ல முடியாது. சீனாவில் 2008இல் நேர்ந்த வென்ச்சுவான் நிலநடுக்கத்தில் பிழைத்த 362 பேரை வைத்து ரிச்சர்ட் மெக்நல்லியின் குழு 2015இல் வரைந்த மனவடு வலைக்கும் இதே வரம்பு உண்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு வேறுபாடு பளிச்சென்று தெரிகிறது. சீன ஆய்வின் கணுக்கள் கையேட்டிலிருந்து எடுத்த அறிகுறிகள் மட்டுமே. வீடு இடிந்ததும் ஊர் அழிந்ததும் அந்த வலைக்கு வெளியே நிற்கின்றன. மெக்நல்லியின் ஆய்வு கோட்பாட்டளவில் முன்னோடி என்பதில் ஐயமில்லை. ஆனால் மக்களுக்குப் பயன்படும் வகையில் இலங்கை ஆய்வு ஒரு படி மேல் என்றே கருதுகிறேன்.

நெதர்லாந்தில் அதேலா-மரியா இஸ்வொரானுவும் குழுவினரும் 552 மனப்பிறழ்வு (சைக்கோசிஸ்) நோயாளிகளிடம் செய்த ஆய்வையும் இந்த வரிசையில் சேர்க்கலாம். சிறுவயதில் பட்ட கொடுமைக்கும் பிற்காலத்தில் காதில் கேட்கும் குரல்களுக்கும் இடையே நேர்க்கோடு இல்லை. பதற்றம், சோர்வு போன்ற பொதுவான அறிகுறிகளின் வழியாகவே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பாதை போகிறது என்று அது காட்டியது. கொடுமையும் ஒரு கணுவாக வலைக்குள் வைக்கப்பட்டதால் தெரிந்த பாதை அது.

இனி ‘மையத்தன்மை’. இந்தத் துறை மிகவும் தடுக்கி விழுந்த இடம் இதுதான். அதிக இணைப்புகள் உள்ள கணுவே நோயின் அச்சாணி, அதைப் பிடுங்கினால் வலை சரிந்துவிடும், எனவே சிகிச்சை அங்கே தொடங்கட்டும் என்ற முடிவோடு எத்தனையோ கட்டுரைகள் முடிகின்றன. மையத்தன்மை அளவைகள் 1970களில் மனிதர்களிடையேயான உறவு வலைகளுக்காக லின்டன் ஃப்ரீமன் ஒழுங்குபடுத்தித் தந்தவை. அங்கே கணுக்களுக்கிடையே ஏதோ ஒன்று பாய்கிறது: செய்தி, பணம், தொற்று. திருச்சிப் பேருந்து நிலையத்தை ஒரு நாள் மூடினால் மதுரைக்கும் சென்னைக்கும் தஞ்சாவூருக்கும் போகிறவர்கள் தவித்துப்போவார்கள், ஏனென்றால் பயணிகள் உண்மையிலேயே அதன் வழியாகப் போகிறார்கள். அறிகுறி வலையில் சோகத்திலிருந்து களைப்புக்கு எது பயணம் செய்கிறது? 2019இல் லாரா பிரிங்மனும் சக ஆய்வாளர்களும், அவர்களில் பலர் இந்தத் துறையையே கட்டியெழுப்பியவர்கள், இந்தக் கேள்வியை எழுப்பி, குறுக்குவழித் தூரத்தை நம்பும் அளவைகள் அறிகுறி வலைக்குப் பொருந்தா என்று எழுதினார்கள். தான் வளர்த்த கருவியைத் தானே எடைபோட்டுப் பார்க்கும் இந்த நேர்மை எனக்கு மிகுந்த நம்பிக்கை தருகிறது.

மையத்துக்கு வருவதற்கு எளிய வேறு காரணங்களும் உண்டு. ‘சோகமாக இருக்கிறேன்’, ‘மனம் வாடியிருக்கிறது’, ‘அழுகை வருகிறது’ என்று ஒரே உணர்வை மூன்று விதமாகக் கேட்டால் அந்த மூன்று கணுக்களும் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொண்டு வலையின் நடுவில் உட்காரும். அது நோயின் இயல்பல்ல, வினாத்தாள் எழுதியவர் கேள்வியைத் திரும்பக் கேட்டதன் விளைவு. மேலும், காரணமாக இருப்பதும் மையத்தில் வரும், விளைவாக இருப்பதும் மையத்தில் வரும். எல்லா அறிகுறிகளும் போய் முடிகிற இடம் களைப்பு என்றால், களைப்புக்கு மருந்து கொடுத்து மற்றவற்றைக் குறைக்க முடியாது.

ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் விதமும் வலையைத் திரித்துவிடும். நூறு பேரை எடுத்துக்கொள்வோம். 25 பேருக்குச் சோகமும் இல்லை, எரிச்சலும் இல்லை. 25 பேருக்குச் சோகம் மட்டும். 25 பேருக்கு எரிச்சல் மட்டும். 25 பேருக்கு இரண்டும். இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. இப்போது இரண்டில் ஒன்றாவது இருப்பவர்களை மட்டும் மருத்துவமனையில் சேர்க்கிறோம், 75 பேர். அவர்களில் சோகம் உள்ள 50 பேரில் பாதிப் பேருக்கு எரிச்சல். சோகம் இல்லாத 25 பேரில் அத்தனை பேருக்கும் எரிச்சல். சோகம் எரிச்சலைக் குறைக்கிறது என்று வலை அடித்துச் சொல்லும். ஜோசஃப் பெர்க்சன் 1946இல் சுட்டிக்காட்டிய பிழை இது. நோயாளிகளை மட்டும், அதுவும் மொத்த மதிப்பெண்ணின்படி பொறுக்கி எடுத்து வரையும் எந்த வலையிலும் இது ஒளிந்திருக்கிறது.

2017இல் மிரியம் ஃபோர்ப்ஸும் குழுவினரும் நேராகவே கேட்டார்கள்: ஒரு ஊரில் வரைந்த வலை இன்னொரு ஊரில் திரும்ப வருமா? அமெரிக்காவில் 9,282 பேரிடமும் ஆஸ்திரேலியாவில் 8,841 பேரிடமும் எடுத்த தேசியக் கணக்கெடுப்புகளை ஒப்பிட்டு, நுணுக்கங்கள் திரும்ப வரவில்லை என்றார்கள். போர்ஸ்பூம் தரப்பு அதே தரவுகளைத் திரும்பக் கணக்கிட்டு, முறையாகச் செய்தால் இரண்டு நாட்டு வலைகளும் நன்றாகவே ஒத்துப்போகின்றன என்று பதில் சொன்னது. எனக்கு இரு தரப்பிலும் பாதி நியாயம் படுகிறது. பெரிய மாதிரியில் தடித்த கோடுகள் நிலைக்கின்றன; மெல்லிய கோடுகளின் தரவரிசையை வைத்துக் கதை சொல்வது ஆபத்து. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இரண்டு கணக்கெடுப்புகளும் முதல் கேள்விக்கு ‘இல்லை’ என்றால் அடுத்தடுத்த கேள்விகளைத் தாண்டிப்போகும் நேர்காணல் முறையில் எடுக்கப்பட்டவை. தாண்டிய கேள்விகளுக்கெல்லாம் பூச்சியம் போட்டால் அந்த அறிகுறிகள் தாமாகவே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இரண்டு நாடுகளும் ஒத்துப்போனதில் ஒரு பங்கு வினாத்தாளின் வடிவத்திலிருந்தே வந்திருக்கலாம். இந்தச் சண்டை வீண்போகவில்லை. எப்ஸ்காம்ப், போர்ஸ்பூம், ஃபிரீட் மூவரும் 2018இல் எழுதிய வழிகாட்டிக் கட்டுரைக்குப் பிறகு, தரவிலிருந்து ஆயிரம் முறை மறுமாதிரி எடுத்து ஒவ்வொரு கோடும் எவ்வளவு உறுதியானது என்று காட்டாத கட்டுரையை நல்ல இதழ்கள் எளிதில் ஏற்பதில்லை.

இவை எல்லாவற்றையும்விட ஆழமான கேள்வி ஒன்று உண்டு. ஆயிரம் பேரின் பதில்களிலிருந்து வரைந்த வலை யாருடைய மனதின் வரைபடம்? தூக்கம் குறைந்தவர்களுக்குப் பொதுவாகச் சோர்வு கூடுதல் என்பது ஒரு செய்தி. தூக்கம் குறைந்த மறுநாள் இவருக்குச் சோர்வு கூடுகிறது என்பது முற்றிலும் வேறு செய்தி. முதலாவது உண்மையாக இருக்கும்போதே இரண்டாவது பொய்யாக இருக்க முடியும். ஆரன் ஃபிஷரும் சக ஆய்வாளர்களும் 2018இல், ஒரு கூட்டத்தில் ஆட்களுக்கிடையே காணும் விரிவையும் ஒரே ஆளுக்குள் காலப்போக்கில் காணும் விரிவையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். ஆளுக்குள் இருக்கும் விரிவு இரண்டிலிருந்து நான்கு மடங்குவரை அதிகம். கூட்டத்தின் சராசரியை எடுத்துத் தனி ஆளுக்குப் போடுவது அளவெடுக்காமல் சட்டை தைப்பது என்றுகூடச் சொல்ல முடியாது. அது பல சமயம் வேறொரு ஆளைப் பற்றிய தகவல்.

அதனால் சில ஆய்வாளர்கள் தனி ஆட்களிடம் போனார்கள். கைப்பேசி நாளுக்குப் பலமுறை ஒலிக்கும். அந்த நொடியில் மனநிலை எப்படி என்று பதில் தர வேண்டும். மரிகே விக்கெர்ஸ் 2016இல் வெளியிட்ட ஆய்வில் 57 வயது ஆண் ஒருவர் 239 நாட்கள் இப்படிப் பதிவு செய்தார். இடையில் அவருடைய மனச்சோர்வு மருந்து, அவருக்கே எப்போதென்று தெரியாமல், படிப்படியாகக் குறைக்கப்பட்டது. நோய் திரும்புவதற்கு முன்பே ஒரு சைகை வந்தது: ஒரு நேரத்து மனநிலை அடுத்த நேரத்துக்கும் அப்படியே ஒட்டிக்கொண்டு நீண்டது, அதாவது மனம் தன் சமநிலைக்கு மீளும் வேகம் குறைந்தது. ஏரிகளும் காடுகளும் திடீரெனக் குலைவதற்கு முன் சூழலியலாளர்கள் காணும் அதே மந்தம். ஒருவரிடம் கண்டது எல்லோருக்கும் பொருந்துமா என்று பிற்பாடு பலரிடம் சோதித்தபோது முடிவுகள் கலவையாகவே வந்தன. சிலரிடம் சைகை தெரிந்தது, பலரிடம் தெரியாமலே நோய் திரும்பியது.

தனி ஆளின் தரவு இருந்தால் மட்டும் விடை ஒன்றாகிவிடும் என்பதும் இல்லை. 2020இல் யோயானெக்கே பாஸ்டியான்சன் தலைமையில் ஒரே நோயாளியின் ஒரே தரவை 12 ஆய்வுக் குழுக்களிடம் கொடுத்து, சிகிச்சையில் முதலில் எந்த அறிகுறியைக் குறிவைக்கலாம் என்று கேட்டார்கள். குழுக்கள் தந்த விடைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. தரவைச் சுத்தம்செய்த விதம், மாறிகளைச் சேர்த்த விதம், தேர்ந்த மாதிரி என்று ஒவ்வொரு முடிவும் விடையை வேறு பக்கம் திருப்பியது. மனநல மருத்துவர் வலைப்படத்தைப் பார்த்துச் சிகிச்சை எழுதும் நாள் அருகில் வந்துவிட்டது என்று சொல்பவர்கள் இந்த ஆய்வுக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும்.

கணிதப் பக்கத்திலிருந்து வந்த இன்னொரு முடிவு அடித்தளத்தையே தொடுகிறது. ஐசிங் வலை மாதிரி பொருந்தும் தரவுக்கு, மறைமாறி மாதிரி ஒன்றையும் அதே அளவு பொருத்தமாக எழுதிக்காட்ட முடியும். ஆக, வலை நன்றாகப் பொருந்துகிறது என்பதை வைத்து ‘ஒற்றை மூலம் இல்லை’ என்று நிரூபிக்க முடியாது. மறைமாறி பொருந்துகிறது என்பதை வைத்து ‘ஒற்றை மூலம் உண்டு’ என்றும் நிரூபிக்க முடியாது. ஒருமுறை கேட்டு எடுத்த பதில்களை எத்தனை நுட்பமாகக் கணக்கிட்டாலும் இந்த வழக்கு தீராது. ஒரு கணுவைக் கையால் அசைத்துப் பார்க்க வேண்டும்.

அப்படி அசைத்துப் பார்த்த ஆய்வு இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டின் டேனியல் ஃப்ரீமன் 2017இல் வெளியிட்டது. பிரிட்டனின் 26 பல்கலைக்கழகங்களில் தூக்கமின்மையால் அவதிப்பட்ட 3,755 மாணவர்கள். ஒரு பகுதியினருக்கு இணையவழியில் தூக்கத்துக்கான உளவியல் சிகிச்சை, மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். யார் எந்தப் பக்கம் என்பது குலுக்கல் முறையில். சிகிச்சை பெற்றவர்களின் தூக்கம் தேறியது. அதோடு, யாரோ தனக்குக் கெடுதல் நினைக்கிறார்கள் என்ற சந்தேகமும் மாயக்காட்சி, மாயக்குரல் அனுபவங்களும் குறைந்தன. அந்தச் சிகிச்சையில் சந்தேகத்தைப் பற்றி யாரும் அவர்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தூக்கத்தைத் தொட்டார்கள், சந்தேகம் தளர்ந்தது. தூக்கமின்மை நோயின் வெறும் அடையாளம் என்றால் இப்படி நடந்திருக்காது. ஃப்ரீமன் இந்த ஆய்வுக்கு வலை எதுவும் வரையவில்லை. ஆனாலும் வலைப்பின்னல் கோட்பாட்டின் மையக் கருத்துக்கு இதைவிட வலுவான சான்று நானறிந்து வேறில்லை. வலைப்படங்கள் செய்ய வேண்டிய வேலை எந்தக் கணுவை அசைத்துப் பார்க்கலாம் என்று ஊகம் தருவது. தீர்ப்பு இப்படிப்பட்ட சோதனைகளிலிருந்துதான் வர வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். பெங்களூரு நிம்ஹான்ஸ் நடத்திய 2015–16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு 12 மாநிலங்களில் நடந்தது. தமிழ்நாடும் அதில் ஒன்று. வயதுவந்தோரில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருப்பதாக அது சொன்னது. திட்டமிடலுக்கு மிகவும் பயன்பட்ட எண் அது. ஆனால் அதே தரவிலிருந்து அறிகுறி வலை வரையப் புகுந்தால் முதல் அடியிலேயே முட்டுக்கட்டை. அதில் பயன்பட்ட ‘மினி’ நேர்காணல், மனச்சோர்வுப் பகுதியில் சோகம், நாட்டமின்மை இரண்டுக்கும் ‘இல்லை’ என்று சொன்னவரிடம் மீதியைக் கேட்பதில்லை. ‘மனசெல்லாம் நல்லாத்தான் இருக்கு, உடம்புதான் அசதியா இருக்கு, ராத்திரி தூக்கமே இல்லை’ என்று சொல்லும் பெண் அங்கேயே கணக்கிலிருந்து வெளியேறிவிடுவார். நெஞ்சு படபடப்பு, தலைபாரம், கைகால் குடைச்சல் என்று உடம்பின் வழியாகவே துன்பத்தைச் சொல்பவர்கள் நம்மிடையே ஏராளம். அவர்களுடைய துன்பம் எங்கே தொடங்கி எப்படிச் சோகத்தில் போய்ச் சேர்கிறது என்பதைக் காட்டக்கூடிய இணைப்புகளைத்தான் இந்தத் தாண்டும் முறை அறுத்துவிடுகிறது.

எனவே அடுத்த கணக்கெடுப்பில், எல்லோரிடமும் இல்லாவிட்டாலும் ஒரு துணைமாதிரியிலாவது, எல்லாக் கேள்விகளையும் எல்லோரிடமும் கேட்க வேண்டும். வினாத்தாளை ஆங்கிலத்திலிருந்து பெயர்ப்பதற்கு முன், பேராதனை வினாத்தாளுக்குச் செய்ததுபோல மக்களிடம் போய் எது உங்களை வாட்டுகிறது என்று கேட்டுப் பட்டியல் எடுக்க வேண்டும். அந்தப் பட்டியலில் கந்துவட்டிக் கடனும் வீட்டில் குடிப்பவர் இருப்பதும் பேச்சுத்துணை இல்லாததும் வருமானால் அவையும் அறிகுறிகளுக்குச் சமமான கணுக்களாக வலைக்குள் வர வேண்டும். 25 கேள்விகள் என்றால் 300 இணைப்புகள். சில நூறு பேர் போதாது, ஆயிரக்கணக்கில் வேண்டும். அவர்களில் ஒரு பகுதியினரையாவது ஆறு மாதம் கழித்துத் திரும்பக் கேட்க வேண்டும். பெயர், முகவரி நீக்கிய மூலத்தரவு, மொத்த மதிப்பெண்ணாகச் சுருக்கப்படாமல் கேள்வி வாரியாக, ஆய்வாளர் யார் கேட்டாலும் கிடைக்க வேண்டும். மென்பொருள் இலவசம், அதை இயக்கத் தெரிந்த இளைஞர்கள் நம் புள்ளியியல் துறைகளில் இருக்கிறார்கள். இல்லாதது இந்தக் கேள்விகளோடு வீடு வீடாகப் போய்வருவதற்கான ஏற்பாடும் நிதியும்தான்.